பதின்மூன்றாவது கூடு

"காசுக்கு மூச்சு முட்டாதாப்பா?"

ஆறு வயதில் மகள் கேட்ட கேள்வி. கேட்ட இடம், பழைய நாணயங்களைப் பார்த்துத் தரச் சான்று கொடுக்கும் ஓர் அலுவலகத்தின் முன்னறை. தாத்தா விட்டுப்போன வெள்ளிக்காசு ஒன்று, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள் சுற்றிலும் அடைக்கப்பட்டு, தலைமாட்டில் லேபிளோடு அவள் கைக்கு வந்திருந்தது. அவளுக்கே அப்போது இளைப்பு. இரவெல்லாம் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தே தூங்குகிற குழந்தை. மூச்சைப் பற்றி அவளைவிட யாருக்குத் தெரியும்?

முன்னறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்ட ஒல்லியான ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "நியாயமான கேள்விதான்" என்று சொல்லிக் கூட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே போய் அவர் செய்த காரியத்தை அதற்குரிய இடத்தில் சொல்லலாம். அதைச் செய்ததற்காக அவருக்கு எழுத்து மூலம் கண்டிப்பு வந்தது என்பது அந்தக் குழந்தையின் அப்பாவுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து அது அவர் நெஞ்சில் ஒரு கடனாகக் கிடந்தது.

அந்த அப்பாவுக்கு ஊரார் வைத்த பெயர் நிதானம். துப்பறிவது தொழில். சாவிக்கடைக்கு மேலே ஒரே அறை, இரண்டு நாற்காலி, ஒரு மேசை. உதவிக்கு மனைவியின் தம்பி. மச்சினன் முன்பு கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் மாஸ்டராக இருந்தவன். மாணவர்கள் புண்ணியத்தில் மூன்று மரங்களில் மோதி, மூன்றாவது மரத்தில் முன்பல் ஒன்றைக் காணிக்கையாக்கிவிட்டு வந்து சேர்ந்தவன். இப்போதும் யாராவது வேகமாக எதிரே வந்தால் அவனுடைய வலது கால் தானாக பிரேக்கைத் தேடும்.

மேகம் கவிந்த ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், மூச்சிரைக்க மாடியேறி வந்தாள் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"நான் அந்தக் காசு ஆபீஸ்ல பார்சல் பிரிக்கறவ சார். ஏதாவதுன்னா உங்ககிட்ட போகச் சொல்லி எழுபது முன்னாடியே சொல்லியிருந்தார்."

"எழுபதா? என்னக்கா, ஆள் பேரா, வயசா?" என்றான் மச்சினன், சாப்பாட்டுக்காகக் கழற்றிய ஒற்றைப் பல்லைத் தட்டில் வைத்தபடி.

"பட்டப் பேரு தம்பி. காசுக்கு ஒண்ணுலேர்ந்து எழுபது வரைக்கும் கிரேடு. எழுபதுன்னா ஒரு குறையும் இல்லாததுன்னு அர்த்தம். இருபத்தெட்டு வருஷத்துல அவர் ஒரு காசுக்குக்கூட எழுபது போட்டதில்ல. அதனால அவருக்கே அந்தப் பேரு."

நிதானத்தின் கையில் கவளம் நின்றது. கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கிய அந்த ஒல்லி மனிதர்தான் எழுபது.

"அவருக்கு என்ன?"

"நாலு நாளா காணோம் சார். இன்னிக்கு இது வந்திருக்கு."

கைப்பையிலிருந்து ஒரு கூட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதைத் தொட்ட விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கூட்டுக்குள் காசு இல்லை. பழுப்பு நிறச் சட்டைப் பொத்தான் ஒன்று இருந்தது. நாலு துளை, அதில் அறுந்த நூல். தலைமாட்டு லேபிளில் பெரிதாக அச்சிட்ட எண்: 70.

"இது அவர் சட்டைப் பொத்தான். தினமும் பாக்கறேன், தெரியாதா? எழுபது முடிஞ்சார், வாயத் தொறந்தா அடுத்து நீதான்னு எனக்குச் சொல்றாங்க சார்."

கீழே சாவி அராவுகிற சத்தம் பல் கூசக் கேட்டுக்கொண்டிருந்தது.

நிதானம் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா. எந்தப் பார்சல்ல வந்துது?"

"எங்ககிட்ட மூணு வரிசை சார். வெறுங்காசா வர்றது ஒண்ணு. அதுக்குக் கிரேடு போட்டுக் கூட்டுல அடைப்போம். ஏற்கெனவே கூட்டுல இருக்கறத, கிரேடு பத்தல, மறுபடி பாருங்கன்னு அனுப்பறது ரெண்டாவது. கூடு மட்டும் கீறல் விழுந்து மங்கிப்போச்சு, புதுக் கூடு போட்டுக் குடுங்கன்னு கேக்கறது மூணாவது."

"மூணாவது வரிசைல காச யார் பாக்கறது?"

"யாரும் பாக்க மாட்டாங்க. கிரேடுதான் முன்னாடியே போட்டாச்சே. பழைய கூட்ட மெஷின்ல தொறப்பாங்க, புதுக் கூட்டுல வெப்பாங்க, ஒட்டுவாங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"சட்டை மாத்திக்க வந்தவனுக்கு எதுக்கு நாடி பாக்கணும்னு விட்டுடறாங்க" என்றான் மச்சினன்.

"அதேதான் தம்பி. இது அந்த மூணாவது வரிசைப் பார்சல்ல வந்துது. பட்டியல்ல பன்னெண்டு கூடுன்னு போட்டிருக்கு. பெட்டில பதிமூணு. பதிமூணாவது, பஞ்சுக்கு அடியில. மேலாளர்கிட்ட காட்டணுங்கறது விதி. காட்ட மனசு வரல."

"ஏன்?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "ஒன்பது காச எடுத்துக்கிட்டு எழுபது ஓடிட்டார்னு அவர் சொல்றார். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறார். சார், அவருக்கு இளைப்பு. இழுக்கற பம்ப் இல்லாம ஒரு நாள் தாங்க மாட்டார். அந்தப் பம்ப் மேசை டிராயர்லயே கிடக்கு. ஓடிப்போறவன் மூச்ச விட்டுட்டா போவான்?"

நிதானம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால். புகார் பதிவாகிவிட்டால் எழுபது திருடன். ஓடிப்போனவனை ரயிலிலும் பஸ்ஸிலும் தேடுவார்கள். அடைபட்டுக் கிடக்கிறவனை யார் தேடுவார்கள்? அதுவும் மூச்சுக்குத் திண்டாடுகிறவனை?

'உயிரோடு இருக்கணும் ஆண்டவனே' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கூட்டைக் கையில் எடுத்தார்.

கூட்டின் மேல் கீறல்கள். பையிலும் அலமாரியிலும் உரசி விழுகிற கீறல் ஒன்று இப்படிப் போகும், ஒன்று அப்படிப் போகும். இவையோ ஓரங்களில் மட்டும், ஒரே திசையில், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல. எதையோ மறைக்கத் தேய்த்திருக்கிறார்கள். நகத்தால் ஓரத்தைத் தடவினார். முடி அளவுக்கு ஒரு வெட்டு கூட்டைச் சுற்றி ஓடியது. வெட்டிப் பிளந்து, மறுபடி ஒட்டியிருந்தார்கள். வெட்டின் பள்ளத்தில் ஒரு தூள்.

"என்ன நிறம் சொல்லு."

மச்சினன் குனிந்தான். "ரோஜா."

"ரோஜாப்பூ நிறத்துல பிளாஸ்டிக் தூள். கூட்டுக்கோ நிறமே இல்ல. அப்ப இது வெட்டின இடத்துல ஏற்கெனவே பறந்துகிட்டு இருந்த தூள். யார் இந்த நிறத்துல பிளாஸ்டிக்க அராவறாங்க? பொம்மை செய்யறவனா?"

"வளையல்காரனா இருக்கும். இல்ல, சீப்பு..."

நிதானத்தின் பார்வை மேசைமேல் இருந்த தட்டில் நின்றது. அங்கே மச்சினனின் ஒற்றைப் பல், அதைத் தாங்குகிற ரோஜா நிற ஈறோடு, யாரையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தது.

"மாப்ளே, உன் ஈறைக் கொஞ்சம் குடு."

"சொத்தக் கேளுங்க அத்தான், தரேன். பல்லக் கேக்காதீங்க."

கூட்டுப் பக்கத்தில் பல்லை வைத்துப் பார்த்தார். அச்சு அசல் ஒரே நிறம்.

"பல்செட் கட்டற பட்டறை" என்றார் மெதுவாக. "முடி மாதிரி வெட்டற சக்கரமும் அங்கதான் இருக்கும்."

*

நாணய அலுவலகத்தில் பேச்சுச் சத்தமே கிடையாது. கண்ணாடித் தடுப்புக்குள் நாலு பேர் விளக்கடியில் குனிந்திருந்தார்கள். ஐந்தாவது நாற்காலி காலி. உள்ளறையில் கூடு ஒட்டுகிற மெஷின் நிமிஷத்துக்கொரு தரம் கொசு போல ரீங்கரித்து அடங்கியது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு உள்ளே இருப்பதற்கு வெளிக்காற்று கிடையாது என்று நிதானம் நினைத்துக்கொண்டார்.

மேலாளர் குழைவான குரல்காரர். வரிசை பிசகாத வெள்ளைவெளேர் பற்கள். சொல்லுக்குச் சொல் வாய்க்குள் 'டிக்' என்று ஒரு சத்தம்.

"உங்கள யார் கூப்பிட்டாங்க? டிக். அவர் உங்க நண்பரா?"

"இல்ல. அவருக்கு நான் கடன்காரன்."

"எவ்வளவு?"

"இன்னும் தெரியல சார். அவர் மேசையப் பாக்கலாமா?"

"தாராளமா. அஞ்சு மணிக்கு அத போலீஸும் பாக்கும். மனுஷன நம்பவே முடியல. டிக். காசப் பாருங்க, கூட்டுல போட்டு அடைச்சா நூறு வருஷமானாலும் வாயத் தொறக்காது."

எழுபதின் மேசையில் ஒரு நோட்டு. அவர் பார்க்கிற ஒவ்வொரு காசையும் பென்சிலால் வரைந்து, எங்கே பொட்டு, எங்கே தழும்பு என்று குறித்திருந்தார். கடைசிப் பக்கத்தில் பறவை பொறித்த காசு ஒன்று. கண்ணுக்குக் கீழே சின்ன வெட்டு. அடியில் பொடி எழுத்தில்: 'இந்தப் பறவையை ஏழு வருஷம் முன்னால் நானே கூட்டில் அடைத்தேன். போன மாதம்தான் அதற்குப் புதுக் கூடு போட்டதாகப் பதிவில் இருக்கிறது. இன்று வெறுங்காசாகக் கிரேடு கேட்டு வந்து நிற்கிறதே! அப்படியானால் கூட்டுக்குள் இருப்பது எது? மேலாளரிடம் சொல்ல வேண்டும்.'

சொல்லியிருக்கிறார். சொன்ன அன்றிலிருந்து ஆளைக் காணோம்.

நிதானம் நோட்டை இருந்தபடியே மூடி வைத்தார். மச்சினனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவனுக்கு அது போதும். மேலாளரை நெருங்கிப் போய்ப் பல்லிளித்தான்.

"சார், கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க பல்லு இருக்கே, முத்துக் கோத்த மாதிரி! எனக்கும் ஒண்ணு கட்டியிருக்கான் பாருங்க ஒரு பாவி, காத்தடிச்சா பறக்குது. எந்த டாக்டர் சார் உங்களுக்கு?"

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? மேலாளரின் முகம் மலர்ந்துவிட்டது. "டாக்டரா? எங்க வீட்டுக்காரி தம்பி கைவேலை. டிக். இந்த ஊர்லயே அவன் மாதிரி..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மெஷின் ஒரு தரம் ரீங்கரித்து அடங்கியது. குழைவு போன குரலில், "வேலை இருக்கு. கிளம்புங்க" என்றார்.

மாடிப்படியில் பார்சல் அக்கா காத்திருந்தாள். யாரும் பார்க்காமல் நிதானத்தின் கையில் எழுபதின் பம்பைத் திணித்தாள்.

"மேலாளரோட மச்சினன் பட்டறை எங்கம்மா இருக்கு?"

"பழைய மர டிப்போவுக்குப் பின்னால, மாடி. ஏன் சார்?"

"அந்தப் பன்னெண்டு கூட்டையும் பட்டியலையும் எடுத்துக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லி அங்க கூட்டிட்டு வாங்க. பயமா இருந்தா..."

"பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள். "போறேன்."

*

மச்சினனின் பழைய கார் இருமிக்கொண்டே கிளம்பியது. தூறல் கண்ணாடியை மறைத்தது. மூன்று மணிக்கே இருட்டுக் கட்டியிருந்தது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க அத்தான். திருட்டு என்னன்னு."

"நல்ல காசக் கூட்டோட விலைக்கு வாங்கறாங்க. கூட்டப் பிளந்து நல்லத எடுத்துட்டு, அதே மாதிரி ஒரு போலிய வெச்சு ஒட்டறாங்க. வெட்டு தெரியாம இருக்கத் தேய்ச்சு, கீறல் விழுந்துடுச்சு, புதுக் கூடு வேணும்னு அனுப்பறாங்க. ஆபீஸே புதுக் கூடு போட்டுத் தருது. வெட்டின தடயம் பழைய கூட்டோட குப்பைக்குப் போயிடுது."

"போலிக்கு அசல் சட்டை."

"எடுத்த நல்ல காச இன்னொரு பேர்ல வெறுங்காசா அனுப்பினா அதுக்கும் ஒரு கூடு கிடைக்கும். ஒரு காசு ரெண்டாயிடுச்சு. அந்தப் பழைய கூடுகளத் தொறக்கற அறை மேலாளர் பொறுப்பு. யாரும் கேக்க மாட்டாங்க."

"வேலியே பயிர மேய்ஞ்ச கதை." மச்சினன் வளைவு ஒன்றில் காரைத் திருப்பினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அத்தான், மிரட்டல் வந்துடுச்சுன்னா... ஆள் இருக்கறது சந்தேகம்தானே?" என்றான்.

நிதானம் கூட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பல்பட்டறைக்காரன் இவ்வளவு தெளிவாக ஒரு மிரட்டலை ஏன் பட்டியலில் இல்லாமல் பஞ்சுக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டும்? மிரட்டுகிறவன் ஒளிப்பானா?

எதிரே ஒரு லாரி முகவிளக்கோடு திரும்பியது. வெளிச்சம் கார் முழுக்கப் பாய்ந்து போனது. அந்த ஒரு நொடியில் நிதானத்தின் முழங்காலில் கூட்டின் நிழல் விழுந்தது. லேபிளின் கறுப்பு நிழல். அதன் நடுவே, ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் பொட்டு.

"நிறுத்து!"

பள்ளிக்கூடப் பழக்கம், கார் குத்திட்டு நின்றது.

"என்ன அத்தான்?"

நிதானம் கூட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். எழுபது என்ற எண்ணின் பூஜ்யத்துக்கு நட்டநடுவில் ஓர் ஓட்டை. லேபிளையும் பிளாஸ்டிக்கையும் துளைத்து உள்ளே இறங்கியிருந்தது. சூடு காட்டிய கம்பியால் போட்டது. விளிம்பு உருகி வழவழப்பாக இருந்தது. ஓரமெல்லாம் துருவிப் பார்த்தவர், லேபிளைப் படித்ததோடு விட்டுவிட்டிருந்தார்.

இனி அந்தப் பழைய கதையைச் சொல்லலாம். அன்று குழந்தையின் கூட்டை உள்ளே எடுத்துப்போன ஒல்லி மனிதர், ஓர் ஊசியை விளக்கில் காட்டி, லேபிளில் இருந்த நாற்பதின் பூஜ்யத்துக்குள் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். "இப்ப அது மூச்சு விடும். நீயும் விடு, பாக்கலாம்" என்றார். குழந்தை இழுத்து விட்டாள். ஓட்டை விழுந்த கூட்டுக்கு அலுவலகத்தின் உத்தரவாதம் கிடையாது. சந்தையில் மதிப்பும் கிடையாது. ஆனால் அன்று ராத்திரி அவள் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாகப் படுத்துத் தூங்கினாள்.

"உலகத்துல கூட்டுக்கு ஓட்டை போட்ட ஆள் ஒருத்தர்தான் மாப்ளே. இது மிரட்டல் இல்ல. கடுதாசி. அடைச்ச கூட்ட யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச மனுஷன், அதே வழில தன்னையே அனுப்பியிருக்கார். 'எழுபது இங்க இருக்கேன். எனக்கு மூச்சு முட்டுது.'"

மச்சினன் வண்டியை எடுத்தான். இந்தத் தடவை யாருக்கும் பாடம் சொல்லித்தர முடியாத வேகத்தில் ஓட்டினான்.

மர டிப்போ வாசலில் இறங்கியபோது நிதானம் சொன்னார்: "உன் பல் உடைஞ்சுடுச்சு."

"இல்லையே, நல்லாத்தானே..."

"இனிமே."

மச்சினன் அவரைப் பார்த்தான். பல்லைக் கழற்றிப் பார்த்தான். பெருமூச்சு விட்டு, கீழே வைத்து, குதிகாலால் ஒரு மிதி மிதித்தான். "அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும்."

*

பட்டறை முழுக்கச் சுண்ணாம்பு வார்ப்பில் வாய்கள். அலமாரி அலமாரியாக, முகமில்லாத வாய்கள் அத்தனையும் திறந்தபடி இருந்தன. எல்லாவற்றின்மேலும் ரோஜா நிறத் தூள் படிந்திருந்தது. பல்செட்காரர் சோர்ந்த கண்ணோடு இருந்தார். வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் வாயை மட்டும் பார்த்தார்.

"மிதிபட்ட மாதிரி இருக்கே" என்றார், உடைந்த பல்லைத் திருப்பிப் பார்த்து.

"சாப்பிடறப்போ கல்லு, சார்" என்றான் மச்சினன்.

"செருப்புத் தடம் இருக்கு."

"பெரிய கல்லு."

நிதானம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கதவு. சுற்றிலும் இடுக்கு விடாமல் நாடா ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் கொதிக்கிற கெண்டி போல மெல்லிய விசில் சத்தம். ஒன்று இழுக்கும். வெகுநேரம் ஒன்றும் இருக்காது. பிறகு ஒன்று விடும். அந்தச் சத்தத்தைப் பல இரவுகள் மகளின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டவர் அவர்.

"உள்ள என்ன இருக்கு?"

"ஸ்டோர் ரூம்." பல்செட்காரர் பல்லை மேசைமேல் வைத்தார்.

"பன்னெண்டு எழுதின பட்டியலுக்குப் பதிமூணு வந்து சேந்துதுங்க" என்றார் நிதானம், நயமாக. "பெட்டிய ஒட்டினவர் எண்ணாம விட்டுட்டார் போல."

பல்செட்காரர் முதன்முறையாக முகத்தை நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவு சாத்தப்பட்டது, தாழ் விழுந்தது.

டிக்.

"பல்லப் பத்தி விசாரிச்சப்பவே நெனைச்சேன்" என்றார் மேலாளர். குரலில் பழைய குழைவு. மேசையில் எரிந்த ஸ்பிரிட் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். "இந்த ரூம்ல எல்லாமே பத்திக்கற சாமான். திரவம், மெழுகு, தூளு. பல்பட்டறைல தீ விபத்து புதுசில்ல. சாவியக் குடு மாப்ளே, உள்ள இருக்கற காசையும் கருவியையும் எடுத்துடலாம். ஆள் இருக்கட்டும்."

"அத்தான்..." என்றார் பல்செட்காரர்.

"என்ன?" என்று நிதானமும் திரும்பிவிட்டார், பழக்க தோஷத்தில்.

பல்செட்காரரின் முகத்தில் தூளை அறுத்துக்கொண்டு கண்ணீர் இறங்கியது. "பெட்டிய ஒட்டினது நான்தான் அத்தான். பதிமூணு இருந்தது எனக்குத் தெரியும். எண்ணித்தான் ஒட்டினேன். அக்கா வாழ்க்கைன்னு சொல்லி இந்தப் பாவத்துல என்ன எறக்கினீங்க, எறங்கினேன். அந்த மனுஷன் மூச்சுக்குத் தவிக்கறதப் பாக்க முடியல. மருந்துக்கடைல பம்ப் வாங்கிக் குடுத்தது நான். பெட்டிய உள்ள வெச்சு அடுக்கறப்போ, பஞ்சுக்கு அடியில அவர் எதையோ செருகறதப் பாத்துட்டு, பாக்காத மாதிரி இருந்தேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது."

மடியிலிருந்து சாவியை எடுத்தார். மேலாளரின் நீட்டிய கையைத் தாண்டி நிதானத்திடம் கொடுத்தார்.

மேலாளர் விளக்கோடு பாய்ந்தார். எதிரே வேகமாக எது வந்தாலும் மச்சினனின் வலது கால் என்ன செய்யும் என்று முன்பே சொன்னோம். முழுப் பலத்தோடு பிரேக் மிதித்தான். பிரேக் இருக்க வேண்டிய இடத்தில் மேலாளரின் பாதம் இருந்தது. அவர் அலறிய அலறலில் முத்துக் கோத்த வரிசை மொத்தமும் வாயை விட்டு வெளியே வந்து, சுண்ணாம்பு வாய்களுக்கு நடுவே விழுந்தது. சரிந்த விளக்கைப் பல்செட்காரர் வெறுங்கையால் பிடித்து அணைத்தார்.

"மாஸ்டர் ஒரு நாளும் தப்பா பிரேக் போட்டதில்ல" என்றான் மச்சினன், மேலாளரின் மேல் உட்கார்ந்துகொண்டு.

நிதானம் நாடாவைக் கிழித்துக் கதவைத் திறந்தார்.

ஜன்னல் இல்லாத அறை. உப்புத்தாளும் ஒட்டுகிற சூட்டுக்கோலும் உடைத்த கூடுகளும் பழைய லேபிள்களும் குவிந்த மேசை. மூலையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் எழுபது. உதடு நீலம் பாரித்திருந்தது. சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. காலடியில் காலியான பம்ப்.

நிதானம் மண்டியிட்டு, பார்சல் அக்கா கொடுத்த பம்பை அவர் வாயில் வைத்து அழுத்தினார். ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவது முறைக்குப் பிறகு நெஞ்சு ஏறி இறங்கியது.

எழுபது கண்ணைத் திறந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஓட்டை... தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

"பாப்பா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. மலையெல்லாம் ஏறறா."

கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பார்சல் அக்காவின் குரல், இன்ஸ்பெக்டரையே அதட்டிக்கொண்டு படியேறி வந்தது. மணி ஐந்தாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

*

கூட்டையும் பொத்தானையும் சாட்சியாகப் போலீஸ் எடுத்துக்கொண்டது. பல்செட்காரர் செய்ததைச் செய்தபடி ஒப்புக்கொண்டார். அவருக்காக இரண்டு வார்த்தை சொல்ல எழுபதே முன்வந்தார்.

மூன்றாம் நாள் மாலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் முடிந்தது. பார்சல் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வண்டியை எடுத்து வரக் கீழே போன மச்சினன், வாசலில் வண்டிக் கட்டணச் சீட்டுக் கொடுப்பவளிடம் பல் இல்லாமல் ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருக்கும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

எழுபது தூங்கிவிட்டிருந்தார். துவைத்துக் காயவைத்த அவர் சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. நாளைக் காலை அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். பொத்தான் இருந்த இடத்தில் நூல் பிசிறு மட்டும் நின்றது.

நிதானம் கதவைச் சாத்தினார். நர்ஸிடம் எதற்கென்று சொல்லாமல் வாங்கி வைத்திருந்த ஊசியையும் நூலையும் பையிலிருந்து எடுத்தார். தம் சட்டையின் மூன்றாவது பொத்தானை அறுத்தார். அது வெள்ளை, மற்றவை பழுப்பு. ஜன்னலோரமாக உட்கார்ந்து, கண்ணை இடுக்கி, நாலு துளையிலும் நூலை மாற்றி மாற்றி இழுத்துத் தைத்தார். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தார்.

தையல் கோணல். எழுபதின் கையில் கொடுத்திருந்தால் நாற்பதுக்கு மேல் போட்டிருக்க மாட்டார்.

சட்டையை இருந்த மாதிரியே நாற்காலியில் மாட்டினார். கட்டிலருகே ஒரு நிமிஷம் நின்று காது கொடுத்தார். இழுப்பும் விடுவதும் சீராக வந்துகொண்டிருந்தன. நெஞ்சருகே திறந்து கிடந்த தம் சட்டையைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, கதவு சத்தம் போடாமல் வெளியே வந்தார்.